ஆழ்கடலில் நடக்கும் அட்டைகள்: எல்பிடியிடே குடும்பத்தைத் தமிழில் எப்படி அழைப்பது?

வெள்ளைக்கல் (சேலம்)

அனைவருக்கும் வணக்கம். விலங்கியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஏற்காட்டை அடுத்த மலைக்கிராமப் பள்ளி ஒன்றில், எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆழ்கடல் உயிர்களைப் பற்றி ஒரு மணி நேரம் பேச அழைத்திருக்கிறார்கள். திமிங்கிலம், ஒளிரும் மீன் என்று எல்லோரும் சொல்வதையே சொல்ல மனம் வரவில்லை. பெரும்பாலோர் பெயர்கூடக் கேள்விப்படாத, ஆனால் ஆழ்கடல் தரையில் பல இடங்களில் கூட்டம் கூட்டமாக வாழும் எல்பிடியிடே என்ற கடல் அட்டைக் குடும்பத்தைப் பற்றிப் பேசலாம் என்றிருக்கிறேன்.

இவை நட்சத்திர மீனுக்கு உறவான முட்தோலிகள். ஆழம் குறைந்த கடலில் கிடைக்கும் கடல் அட்டையை மனத்தில் வைத்துக்கொண்டு இவற்றைப் பார்த்தால் ஏமாந்துபோவோம். உடல் வெந்த ஜவ்வரிசி போலக் கண்ணாடித்தன்மையுடன் இருக்கும். பலவற்றில் சேறு நிறைந்த குடல் வெளியிலிருந்தே தெரியும். வாயைச் சுற்றிப் பொதுவாகப் பத்து உணர்கொம்புகள் உள்ளன. சேற்றை அள்ளி வாயில் போடுவது அவற்றின் வேலை. வயிற்றின் இரு ஓரங்களிலும் தடித்த சில குழாய்க்கால்கள் வரிசையாக இருக்க, முதுகில் கொம்புபோல நீண்ட உறுப்புகள் நிற்கும். கரையோரத்து அட்டைகளுக்கு மூச்சுவிட உதவும் கிளைத்த சுவாச மரம் இவற்றுக்குக் கிடையாது.

சுவீடன் நாட்டு விலங்கியலாளர் யால்மர் தேல், வடதுருவக் கடலிலிருந்து கிடைத்த எல்பிடியா கிளாசியாலிஸ் என்ற இனத்தை 1876இல் விவரித்தார். 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய சேலஞ்சர் கப்பல் அள்ளிவந்த ஆழ்கடல் அட்டைகளை ஆராய்ந்து 1882இல் அறிக்கை எழுதியவரும், இந்தக் குடும்பத்தை வகுத்தவரும் அவரே.

என் சிக்கல் பெயரில் இருக்கிறது. இந்தக் குடும்பத்தின் புகழ்பெற்ற உறுப்பினரான ஸ்கோட்டோபிளேன்சை ஆங்கிலத்தில் கடல் பன்றி (sea pig) என்கிறார்கள். தமிழில் கடற்பன்றி என்றால் ஓங்கிலை ஒத்த வேறொரு பாலூட்டியைக் குறிக்கும் பழைய சொல்லாகிவிடுகிறது. பாடநூல் கடல் வெள்ளரி என்கிறது. கடற்கரையில் கடல் அட்டை என்கிறார்கள். பிள்ளைகளிடம் எந்தச் சொல்லை எடுத்துச் செல்வது?

மிளகுக்கொடி (ஏற்காடு)

ஐயா, நான் இங்கே மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பவள் என்பதால் முன்கூட்டியே எச்சரிக்கிறேன். எங்கள் பிள்ளைகளுக்கு இரண்டு அட்டைகள் தெரியும். ஒன்று காலைக் கவ்வி இரத்தம் உறிஞ்சுவது; மற்றொன்று மழை பெய்ததும் காப்பித் தோட்டத்துச் சருகுக்கடியிலிருந்து புறப்பட்டு வாசற்படி வரை வந்து, தொட்டால் சுருண்டுகொள்ளும் மரவட்டை. நீங்கள் அட்டை என்ற சொல்லை உச்சரித்த உடனேயே "கடிக்குமா சார்?" என்று பின்வரிசையிலிருந்து குரல் வரும். அதற்குப் பதில் சொல்லிமுடிப்பதற்குள் உங்கள் ஒரு மணி நேரத்தில் கால் பங்கு போய்விடும்.

வெள்ளரியும் உதவாது. கால் முளைத்த வெள்ளரியை யாரும் நம்பமாட்டார்கள், அது காய்.

பாம்பன்காரன் (சேலம், செவ்வாய்ப்பேட்டை)

பிழைப்புக்காகச் சேலம் வந்து பதினெட்டு ஆண்டுகள் ஆனாலும் நான் தீவுக்காரன். எனவே அட்டைக்காகப் பேச எனக்கு உரிமை உண்டு.

மிளகுக்கொடி அவர்கள் தம்முடைய வாதத்துக்குத் தாமே விடை சொல்லிவிட்டார். மரவட்டை இரத்தம் உறிஞ்சுவதில்லை. ஆனாலும் அதற்கு அட்டை என்றே பெயர். அப்படியானால் அந்தச் சொல்லைப் பிள்ளைகள் ஏற்கெனவே விரித்துப் பொருள்கொள்கிறார்கள் என்றுதானே ஆகிறது? தரையோடு தரையாக மெல்ல ஊரும் நீண்ட உடலுக்கு அட்டை என்று பெயர் வைப்பது தமிழரின் பழக்கம். கடலில் இருந்தால் கடல் அட்டை.

எங்கள் பக்கத்தில் அதற்குமேல் ஓர் அடைமொழி சேர்ப்பார்கள். வெள்ளை அட்டை, ராஜ அட்டை, குச்சி அட்டை, நூல் அட்டை என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் தனித்தனியாக உண்டு. நூல் அட்டையைக் கையில் எடுத்தால் பின்புறத்திலிருந்து பசைபோன்ற வெள்ளை நூல்களைப் பீச்சும். கையில் ஒட்டினால் எளிதில் போகாது. அதைப் பார்த்தவன் வைத்த பெயர் அது. குச்சி அட்டையைப் பார்த்தாலே பெயர்க் காரணம் விளங்கும். ஆகவே ஆழ்கடல் அட்டைக்கும் அதே வழியில், அது என்ன செய்கிறது என்று பார்த்து ஓர் அடைமொழி சேர்த்தால் போதும். வெளியிலிருந்து பன்றியை இழுத்துவர வேண்டியதில்லை.

அளவுகோல் (சேலம், அழகாபுரம்)

பெயரை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். ஆழத்தைப் பிள்ளைகளுக்கு எப்படிப் புரியவைப்பது என்பதற்கு ஒரு வழி சொல்கிறேன்.

சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்திலும், ஏற்காடு ஏறத்தாழ 1,515 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. இடையே சற்றேறக்குறைய 1,200 மீட்டர். இப்போது ஏற்காட்டு ஏரியின் நீர்மட்டத்தைக் கடலின் மேற்பரப்பாக வைத்துக்கொள்ளுங்கள். அடிவாரம் வரை உள்ள 20 கொண்டை ஊசி வளைவுகளையும் பேருந்தில் இறங்கிமுடித்துச் சேலம் வந்து சேர்ந்தால்தான் ஸ்கோட்டோபிளேன்ஸ் பொதுவாக வாழும் ஆழத்துக்கு வந்திருப்போம். மூன்றாவது வளைவு தாண்டும் முன்பே கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் ஏறக்குறைய முடிந்துவிடும். இந்தக் குடும்பத்தின் பல இனங்கள் 4,000, 5,000 மீட்டரில் வாழ்கின்றன. அதற்கு இதுபோல நான்கு மலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கவேண்டும்.

நீரில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 4,000 மீட்டரில் 400 மடங்கு. அந்த அழுத்தத்தில் பழகிய உயிரை மேலே கொண்டுவந்தால் பலூன் போல வெடித்துவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.

முதுகலை மாணவி (சேலம்)

அளவுகோல் அண்ணா, மலைக்கணக்கு மிக நன்றாக இருக்கிறது. ஆனால் வெடிக்கும் என்பதை மட்டும் தயவுசெய்து சொல்லவேண்டாம்.

வெடிப்பதற்கு உள்ளே காற்று வேண்டும். காற்றுப்பை உள்ள மீனை ஆழத்திலிருந்து வேகமாக இழுத்தால் பை உப்பி வாய்வழியே இரைப்பை பிதுங்குவது உண்மை. எல்பிடியிடே அட்டைக்குள் காற்று இல்லை. உடலில் பெரும்பகுதி நீர். நீர் அழுத்தத்தால் மிகக் குறைவாகவே சுருங்கும், விட்டால் மிகக் குறைவாகவே விரியும். அவை மேலே வரும்போது உருக்குலைந்துபோவதற்கு வேறு காரணங்கள் உள்ளன. இழுவலையில் கல்லும் சேறும் மற்ற உயிர்களும் சேர்ந்து உரசுகின்றன. மேலே வர வர நீர் சூடாகிறது. கூழ்போன்ற உடல் கிழிகிறது. சேலஞ்சர் காலத்திலிருந்து அறிஞர்கள் சாராயக் குப்பிகளில் பார்த்தவை பெரும்பாலும் இப்படிச் சுருங்கியும் சிதைந்தும் போன உடல்களே.

இதனால்தான் பாம்பன் அண்ணன் சொன்ன வழி எனக்குப் பிடித்திருக்கிறது. பார்த்தவன் பெயர் வைக்கவேண்டும் என்றால், இந்த உயிரை யார் எப்போது பார்த்தார்கள் என்ற கேள்வி எழுகிறது. குப்பியில் கிடந்த அட்டையின் கால்கள் எதற்கு என்று ஊகிக்கத்தான் முடிந்தது. கடலடியில் இறக்கிய நிழற்படக் கருவிகள் வந்த பிறகே, அது அந்தக் கால்களின் மேல் உடலைத் தூக்கி நிறுத்தி நடக்கிறது என்பது தெளிந்தது. டென்மார்க்கின் பென்ட் ஹான்சன் 1972இல் அத்தகைய படங்களைச் சான்றாகக் காட்டி, இந்த நடை கடல் அட்டைகளில் வேறெங்கும் காணாத வகை என்று எழுதினார். 1975இல் இவற்றின் வகைப்பாட்டைப் பற்றிய பெரிய நூலையும் அவரே வெளியிட்டார்.

கரையோர அட்டையின் குழாய்க்கால்கள் சிறியவை, எண்ணற்றவை. நுனியில் உள்ள உறிஞ்சியால் பற்றி இழுத்து ஊர்ந்துசெல்லும். ஸ்கோட்டோபிளேன்சுக்குப் பக்கத்துக்கு ஐந்து முதல் ஏழு கால்கள். தோலுக்குள் உள்ள நீர் அறைகளிலிருந்து காலுக்குள் நீரைத் தள்ளினால் கால் விறைக்கும். நீர் திரும்பினால் தளரும். எலும்பு எதுவும் இல்லை, தசையும் நீரும் மட்டுமே. முதுகில் கொம்புபோல் நிற்பவையும் உருமாறிய குழாய்க்கால்கள்தான்.

ஆகவே என் வாக்கு "நடையட்டை" என்பதற்கு.

மிளகுக்கொடி (ஏற்காடு)

நடையட்டை என்றால் பிள்ளைகள் உடனே "எங்கே நடக்கிறது, ஏன் நடக்கிறது?" என்று கேட்பார்கள். "கடிக்குமா?" என்பதைவிட அது நல்ல கேள்வி. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கேள்விக்கும் பதில் தயாராக இருக்கவேண்டும்.

முதுகலை மாணவி (சேலம்)

சோற்றுக்காகத்தான் அக்கா நடக்கிறது.

மேற்பரப்பில் வாழும் நுண்ணுயிர்கள் இறந்தும், அவற்றைத் தின்றவை கழித்தும், துகள் துகளாகக் கீழே விழுந்துகொண்டே இருக்கின்றன. அதைக் கடற்பனி என்கிறார்கள். ஏற்காட்டுப் பிள்ளைகளுக்குப் பனி என்ற சொல் நன்றாகவே விளங்கும். ஆனால் இது நனைக்கும் பனி அல்ல, மேலிருந்து விழும் எச்சில் சோறு. வழியிலேயே மற்ற உயிர்கள் பெரும்பகுதியைத் தின்றுவிடுவதால், மேலே விளைந்ததில் நூற்றில் ஒரு பங்கு அளவே ஆழ்தரையை எட்டுகிறது. புதிதாக விழுந்த இடத்தைத் தேடிப் போகிறவனுக்கே உணவு. ஸ்கோட்டோபிளேன்ஸ் கூட்டங்கள் பெரும்பாலும் நீரோட்டத்தை எதிர்நோக்கி நிற்பதை நிழற்படங்கள் காட்டுகின்றன. வாசனையைத் தொடர்ந்து அவை நகர்வதாகக் கருதுகிறார்கள். திமிங்கிலம் செத்து விழுந்த இடங்களிலும் கூடுகின்றன.

இதைவிட வியப்பானது அயர்லாந்துக்குத் தென்மேற்கே, 4,850 மீட்டர் ஆழத்தில் உள்ள பார்க்குபைன் ஆழ்சமவெளியில் நடந்தது. அங்கே ஆம்பெரிமா ரோசியா என்ற இனம் முன்பு தேடினாலும் எளிதில் கிடைக்காத அளவுக்கு அரிது. இது சில சென்டிமீட்டர் நீளமே உள்ள, இளஞ்சிவப்பு நிறச் சிற்றட்டை, இதே குடும்பம்தான். 1996ஐ ஒட்டி அது திடீரென்று பெருகத் தொடங்கி, ஒரு ஹெக்டேருக்கு ஆயிரக்கணக்கில் ஆகிவிட்டது. அதற்கு முன்பு அங்குள்ள உயிர்கள் எல்லாம் சேர்ந்து கடலடியின் மேற்பரப்பு முழுவதையும் ஒருமுறை மேய்ந்துமுடிக்க ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் ஆகும் என்று கணக்கிட்டிருந்தார்கள். பெருக்கத்துக்குப் பிறகு அது ஆறு வாரத்துக்கும் குறைவாகிவிட்டது. மேலிருந்து விழும் உணவின் அளவும் தரமும் மாறியதே காரணம் என்பது ஆய்வாளர்களின் முடிவு. மாறாத இருட்டு, மாறாத குளிர் என்று நாம் நினைத்திருந்த ஆழ்கடல், மேலே நடக்கும் மாற்றத்துக்கு இவ்வளவு வேகமாக அசைந்துகொடுக்கும் என்பதை இந்த அட்டைதான் எடுத்துக்காட்டியது.

வெள்ளைக்கல் (சேலம்)

அருமை அம்மா. இதைத் தோட்டத்து மண்புழுவோடு சேர்த்துச் சொல்லிவிடுவேன். அங்கே பாதி வீடுகளில் மண்புழு உரத்தொட்டி இருக்கிறது.

என் பங்குக்கு ஒன்று. சேலத்துக்காரன் என்பதால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கடல் அட்டைகளுக்கு எலும்புக்கூடு இல்லை என்றாலும், தோலுக்குள் நுண்ணோக்கியில் மட்டும் தெரியும் சுண்ணாம்புத் துணுக்குகள் புதைந்துகிடக்கின்றன. எல்பிடியாவில் அவை நான்கு கைகள் நீட்டிய சிறு கோல்களாக இருக்கும். உடல் கூழாகிப்போனாலும் இந்தத் துணுக்கின் வடிவத்தை வைத்து இனத்தை அடையாளம் காண்பார்கள். முட்தோலிகளின் சுண்ணாம்பு, மக்னீசியம் மிகுதியாகக் கலந்த சுண்ணாம்பு. நம் சுண்ணாம்புக்கரட்டில் வெட்டியெடுக்கும் வெள்ளைக்கல்லோ மக்னீசியம் கார்பனேட். இரண்டும் ஒன்றல்ல, நெருங்கிய பங்காளிகள் என்று சொல்லலாம்.

நாலைந்து கிலோமீட்டருக்குக் கீழே, குளிராலும் அழுத்தத்தாலும் சுண்ணாம்பு கரைந்துபோகிறது. அங்குள்ள சேற்றில் சிப்பி ஓடு தங்காது. மக்னீசியம் கலந்த சுண்ணாம்பு இன்னும் எளிதில் கரையும். அதற்கும் கீழே, பெருங்கடல் அகழிகளில் வாழும் எல்பிடியா இனங்கள் இந்தத் துணுக்குகளை உயிரோடு இருக்கும்வரை தம் தோலுக்குள் காத்துவைத்திருக்கின்றன. நாற்பது ஆண்டுகள் வகுப்பெடுத்தும் இதை ஒருமுறைகூட நான் சொல்லிக்கொடுத்ததில்லை என்பதை நினைத்தால் சற்று வெட்கமாக இருக்கிறது.

இன்னொரு கேள்வி. பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கு, கரையோரத்து அட்டையையாவது பதப்படுத்திய நிலையில் எங்காவது வாங்க முடியுமா?

பாம்பன்காரன் (சேலம், செவ்வாய்ப்பேட்டை)

அண்ணன், அந்த நினைப்பையே விட்டுவிடுங்கள். 2001ஆம் ஆண்டு முதல் இந்தியாவில் கடல் அட்டைகள் அனைத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. உயிருள்ளது, செத்தது, காய்ந்தது என்ற வேறுபாடெல்லாம் கிடையாது. கையில் இருந்தாலே வழக்கு. யானைக்கும் புலிக்கும் உள்ள அதே அட்டவணை. இது சரியா, எங்கள் மக்களின் பிழைப்பு என்ன ஆயிற்று என்பதெல்லாம் பெரிய கதை. இங்கே அதை எடுத்தால் இழை திசைமாறிவிடும். படம் காட்டுங்கள், போதும்.

கேட்கவேண்டும் என்றிருந்தேன்: நம் பக்கத்துக் கடலில் இந்தக் குடும்பம் உண்டா?

முதுகலை மாணவி (சேலம்)

ஆழ்கடல் அட்டைகள் நம் பக்கத்திலும் உண்டு அண்ணா. ஆங்கிலேயர் காலத்து இன்வெஸ்டிகேட்டர் என்ற ஆய்வுக்கப்பல் வங்கக்கடலிலும் அரபிக்கடலிலும் சேகரித்த ஆழ்கடல் அட்டைகளைப் பற்றி, பிரெஞ்சு அறிஞர்களான கோலரும் வானேயும் எழுதிய நூல் 1905இல் கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தின் வெளியீடாக வந்தது. எல்பிடியிடே வகைகளைப் பொறுத்தவரை, எல்லாப் பெருங்கடல்களிலும் இருக்கின்றன என்று சொல்லலாம்.

பன்றிப் பெயர் கொண்டவற்றைப் பற்றி ஒரு செய்தி, பிள்ளைகளுக்காக. கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடாவுக்கு வெளியே, சுமார் 1,200 மீட்டர் ஆழத்தில், ஸ்கோட்டோபிளேன்சின் மேல் இளம் நண்டுகள் தொற்றிக்கொண்டிருப்பதைக் கண்டு 2016இல் வெளியிட்டார்கள். ஏறத்தாழ நான்கில் ஓர் அட்டையின் மேல் நண்டுக்குஞ்சு இருந்தது. ஒளிந்துகொள்ளக் கல்லோ செடியோ இல்லாத வெற்றுச் சேற்றுவெளியில், நடக்கும் அட்டையே அதற்குக் குடை. அண்ணாவின் மலைக்கணக்குப்படி, ஏற்காட்டு ஏரியிலிருந்து இறங்கிச் சேலம் வந்ததும் முதலில் கண்ணில் படுவது இந்த நண்டுதான்.

அளவுகோல் (சேலம், அழகாபுரம்)

வெடிக்கும் என்று எழுதியது என் தவறு. திருத்தியதற்கு நன்றி, தங்கையே.

ஆனால் நடையட்டை என்ற பெயரில் எனக்கு ஐயம் வந்திருக்கிறது. இரவு உட்கார்ந்து இந்தக் குடும்பத்தின் காணொளிகளைப் பார்த்தேன். பெனியாகோனே என்ற பேரினத்தில் சில, தரையை விட்டு எழும்பி, உடலை அசைத்து நீந்துகின்றன. தலைப்பக்கத்தில் தோல்படலத்தால் இணைந்த பாய்போன்ற அமைப்பு இருக்கிறது. நீந்துகிறவனையும் நடையன் என்று எப்படிச் சொல்வது? ஒரு குடும்பத்துக்குப் பெயர் வைக்கிறோம் என்றால் குடும்பம் முழுவதுக்கும் பொருந்தவேண்டாமா?

இன்னொன்றும் உண்டு. மத்திய இந்தியப் பெருங்கடல் படுகையில், கடலடிச் சேற்றின்மேல் கிடக்கும் உலோகக் கட்டிகளை ஆராய இந்தியாவுக்கு 75,000 சதுரகிலோமீட்டர் ஒதுக்கப்பட்டிருக்கிறது. 6,000 மீட்டர் ஆழத்துக்கு மூன்று பேர் செல்வதற்காக மத்ஸ்யா 6000 என்ற நீர்மூழ்கியும் சென்னையில் உருவாகிறது. கட்டிகளை அள்ளினால் சேற்றையும் சேர்த்துத்தான் அள்ளவேண்டும். சேற்றைத் தின்று வாழும் இந்த உயிர்களின் கதி?

முதுகலை மாணவி (சேலம்)

கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன். 1989இல் பெருப் படுகையில், 4,100 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், ஆய்வுக்காகவே கடலடியைக் கலப்பைபோன்ற கருவியால் உழுதுபார்த்தார்கள். 26 ஆண்டுகள் கழித்தும் உழவுச்சால் அப்படியே தெரிந்தது. ஆனால் கடல் அட்டைகளின் எண்ணிக்கை, உழாத இடத்தோடு ஒப்பிட்டால் பெரிய வேறுபாடு இல்லாத அளவுக்கு மீண்டிருந்தது. நடந்துவந்து சேரக்கூடியவை திரும்பிவிட்டன. கட்டிகளையே பற்றி வாழ்ந்தவை அப்படித் திரும்பவில்லை. அட்டை பிழைத்துக்கொள்ளும் என்று இதைவைத்து நிம்மதியடையவும் முடியாது. சோதனையில் கட்டிகளை அகற்றவில்லை, சேற்றுக்குள் அமுக்கியதோடு சரி. உண்மையான சுரங்கம் அதைவிடப் பலமடங்கு பெரியது.

பெயரைப் பற்றி: பெனியாகோனே விஷயத்தில் நான் தோற்றேன். நடையட்டையை ஸ்கோட்டோபிளேன்சுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாமா?

வெள்ளைக்கல் (சேலம்)

ஸ்கோட்டோபிளேன்ஸ் என்ற கிரேக்கப் பெயருக்கே இருளில் அலைபவன் என்று பொருள். இருளுலாவி என்று அழகாகப் பெயர்க்கலாம் என்று ஒரு கணம் ஆசைப்பட்டேன். ஆனால் அது குப்பியைப் பார்த்துப் படித்தவர் வைத்த பெயர். ஆழ்கடலில் எல்லாமே இருளில்தான் உலாவுகின்றன. பாம்பன் தம்பியின் நெறியே சரி என்று படுகிறது. ஸ்கோட்டோபிளேன்ஸ் நடையட்டை, பெனியாகோனே நீந்தட்டை என்றோ பாயட்டை என்றோ இருக்கட்டும், குடும்பத்தின் பெயரை எல்பிடியிடே என்று ஒலிபெயர்த்தே எழுதுவேன். ஓர் ஊரில் எல்லோருக்கும் ஒரே தொழில் இருப்பதில்லை.

பாம்பன்காரன் (சேலம், செவ்வாய்ப்பேட்டை)

பாயட்டைக்கு என் ஆதரவு. எங்கள் ஊரில் பாய் என்றால் முதலில் படகின் பாய்தான்.

மிளகுக்கொடி (ஏற்காடு)

ஐயா, மாதிரி உயிர் கிடைக்காது என்று ஆகிவிட்டது. ஆனால் வெறும் படத்தைக் காட்டினால் கால் எப்படி விறைக்கிறது என்பது விளங்காது. மருத்துவமனைக் கையுறை ஒன்றில் நீர் நிரப்பி வாயைக் கட்டிக்கொள்ளுங்கள். உள்ளங்கைப் பகுதியை அழுத்தினால் விரல்கள் விறைக்கும், விட்டால் துவளும். நேற்று எங்கள் வீட்டில் செய்துபார்த்தேன். மேசைமேல் வைத்து மாற்றி மாற்றி அழுத்தியபோது அது ஒரு விரற்கடை தூரம் நகரக்கூடச் செய்தது. பிள்ளைகள் அரை மணி நேரம் விடவில்லை.

வெள்ளைக்கல் (சேலம்)

இது எனக்குத் தோன்றவே இல்லை அம்மா. ஒரு கையுறையில் ஐந்து விரல்தான். பக்கத்துக்கு ஐந்து கால் வேண்டும் என்றால் இரண்டை ஒட்டவேண்டும். முதுகுக் கொம்புகளுக்கு மூன்றாவது ஒன்றைக் கவிழ்த்து மேலே ஒட்டலாம் என்று நினைக்கிறேன். பசை நீரில் நிற்குமா, அல்லது சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டும் பசைதான் வேண்டுமா?

அளவுகோல் (சேலம், அழகாபுரம்)

பஞ்சர் பசைதான் சரி. நீர் நிரப்பும் முன்பே ஒட்டி, ஓர் இரவு காயவிடுங்கள். மூன்று கையுறைக்குள்ளும் நீர் ஓடவேண்டும் என்றால் ஒட்டுமிடத்தில் சிறு துளை வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு எடுத்துவாருங்கள், துளையிட்டுத் தருகிறேன்.